குரல் தெரியலையா என்று கேட்டவன்

பாலா,

ஞாயிற்றுக்கிழமை நீயும் சாந்தியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்குப் புதன். தைக்க வேண்டிய ரவிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு, மிஷினை மூடி அதன்மேலேயே தாளை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குக் கடிதமா, போனை எடுத்தால் ஆயிற்றே என்று உன் பெண்டாட்டி சிரிப்பாள். சிரிக்கட்டும். போனில் பேசினால் நான் வாயைத் திறக்கும் முன்னே நீ, "அம்மா, இது உங்களுக்குப் புரியாது லா" என்பாய். கடிதத்தில் அந்த ஜம்பம் செல்லாது. கோபம் வந்தால் மடித்து வை, ஆறினதும் எடுத்துப் படி. ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் முழுதும் படித்துவிடு. அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தும் தாளில் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னாய்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். டெங்கில் பக்கம் எண்ணெய்ப்பனைகளைச் சாய்த்துவிட்டுக் கட்டிய புது ஆபீஸில், கம்ப்யூட்டருக்குள் திருடன் புகாமல் பார்த்துக்கொள்ளும் விதிகளை எழுதுவது உன் வேலை. ஞாயிற்றுக்கிழமை அந்த விதிப் புத்தகத்தை எடுத்து வந்து, நண்டுக் குழம்புக் கையோடு நான் தொடக் கூடாது என்று தள்ளி வைத்துக் காட்டினாய். "நாளைக்கு எந்த மாதிரித் திருட்டு வரும்னு இன்னிக்கு யாருக்கும் தெரியாதும்மா. தெரியாததுக்கும் சேர்த்து இப்பவே ரூல் போடணும்" என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிப்போகும் என்று ஊரே பயந்துகொண்டிருக்கிற நேரத்தில், ஆபீஸில் உள்ளவர்கள் என் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் எந்தத் தாய்க்குத்தான் பூரிக்காது?

அப்புறம்தான் அந்தப் பெண் தேவிகாவின் கதையைச் சொன்னாய். வேலைக்குப் புதிது, பந்திங்கிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். யாரோ ஒருவன் ஆபீஸ் போனில் கூப்பிட்டு, "என்னம்மா, குரல் தெரியலையா?" என்று கேட்டிருக்கிறான். புதுப் பெண், தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற அண்ணனின் பெயரைச் சொல்லி அவரா என்று கேட்டிருக்கிறாள். அவனும் ஆமாம் என்றிருக்கிறான். ஏதோ அவசரம் என்று சொல்லி அவளுடைய பாஸ்வர்டை வாங்கிவிட்டான். போனை வைத்ததும் அவளுக்கு மனசில் உறுத்தல். ஓடிப்போய் அந்த அண்ணனைக் கேட்டால், நான் கூப்பிடவே இல்லையே என்கிறார். நேரே உன் அறைக்கு வந்து நடந்ததைச் சொல்லி அழுதிருக்கிறாள். நீயும் சட்டென்று அவள் பாஸ்வர்டை மாற்றிவிட்டாய். அவன் உள்ளே நுழைவதற்குள் கதவை அடைத்தாயிற்று, ஒன்றும் போகவில்லை என்று நீயே சொன்னாய். சொல்லிவிட்டு அதே வாயால், பாஸ்வர்டைக் கொடுத்தவருக்கு வேலை போகும் என்று எழுதி வைத்திருக்கிறேன், முதல் ஆளையே விட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்றாய்.

சாந்தி பாவம், அந்தப் பெண் புதுசுதானே என்று மெதுவாக இழுத்தாள். உடனே நீ அப்பாவைப் பார்த்துச் சிரித்தாய். "புதுசு என்ன, பழசு என்ன? எங்க அப்பாவே குடுத்தவருதானே. டிரெய்னிங் கிளாஸ்ல இந்தக் கதையச் சொன்னா எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க" என்றாய். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. நீ கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். பெற்ற பிள்ளை என்பதால் உன் எதிரில் ஒன்றும் சொல்லாமல் ரசத்தைச் சூடு பண்ணப் போனேன். சொல்லாமல் விட்டதை எல்லாம் இப்போது எழுதுகிறேன்.

நீ அந்த வகுப்பில் கதையை எப்படிச் சொல்கிறாயோ தெரியாது. என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இப்படி. உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். நீ முதல் வேலையில் இருந்தாய், இந்த வீட்டில்தான் இருந்தாய். போன் கம்பியில் மாட்டி எங்கெங்கோ கடிதம் அனுப்புகிற கம்ப்யூட்டரை வாங்கி முன்னறையில் வைத்தாய். அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருக்கிறார், தமிழ்ச் செய்தி படிக்கட்டும் என்று நீதான் அவருக்கு அதைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தாய். அவர் மறந்து மறந்து கேட்டதால் பாஸ்வர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கம்ப்யூட்டர் நெற்றியில் ஒட்டினதும் நீதான். வகுப்பில் இந்த இடத்தைச் சொல்கிறாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

போன் வந்தபோது நான் பக்கத்தில்தான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒருவன், "என்ன மாமா, குரல் தெரியலையா?" என்று கேட்டிருக்கிறான். நம் ஆட்களிடம் இதைவிடப் பெரிய தூண்டில் உண்டா? கல்யாண மண்டபத்தில் யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தெரிகிறதா என்று கேட்டால், தெரியாமலா என்று பல்லைக் காட்டிவிட்டு, அவர் நகர்ந்ததும் இது யார் என்று பக்கத்தில் கேட்கிற ஜாதி நாம். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னால் தீர்ந்தது. எங்களை எல்லாம் உங்களுக்கு எங்கே தெரியப் போகிறது என்று ஆயுசுக்கும் குத்திக் காட்டுவார்கள். உன் அப்பாவுக்கே அது நடந்தது. ஒரு துக்க வீட்டில் சொந்தச் சித்தப்பா மகனை அடையாளம் தெரியாமல், நீங்கள் யார் என்று கேட்டுவிட்டார். அந்தக் குடும்பம் இன்றுவரை நம் வீட்டுப் படி ஏறவில்லை. அதிலிருந்து யார் கேட்டாலும் அவர் எதையாவது யூகித்துச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். அன்றைக்கும், ரவாங் செல்வமா என்று, அந்த ஊரில் இருக்கிற என் அண்ணன் மகன் பெயரை அவராகவே எடுத்துக் கொடுத்தார். "அட, கண்டுபிடிச்சிட்டீங்களே மாமா" என்று ஒரு மாதிரி இழுத்துச் சிரித்தானாம். அவ்வளவுதான். நலம் விசாரித்தான், உனக்குப் பெண் பார்த்தாயிற்றா என்று கேட்டான், கிள்ளானில் நிச்சயமாகியிருக்கிறது என்று இவர் சந்தோஷமாகச் சொன்னார். கடைசியில், நீ ஏதோ அவசரமாகப் பார்க்கச் சொன்னதாகவும் பாஸ்வர்ட் மறந்துவிட்டதாகவும் சொன்னான். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீ ஒட்டி வைத்த தாளை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினார். மச்சான் பிள்ளைக்கு ஓர் உதவி செய்த திருப்தியோடு போனை வைத்தார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். உன் பெயரில், நீ எழுதின மாதிரியே, உன் மேலதிகாரிக்கும் நண்பர்களுக்கும் கண் கொண்டு படிக்க முடியாத அசிங்கமான கடிதங்கள் கம்ப்யூட்டர் வழியாகப் போயின. சாந்தியின் அண்ணனுக்கும் ஒன்று போனது. அவர் கிள்ளானிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து, உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசினார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நான் நினைத்தேன். போலீஸில் புகார் கொடுக்கப் போனால், அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் நடத்தினார், ஆனால் என்ன காணாமல் போனது என்று கேட்டார். அப்பா யோசித்துவிட்டு, என் மகனுடைய பேர் என்றார். அதை எப்படி எழுதுவது என்று அந்த மனிதருக்கும் தெரியவில்லை.

மறுநாள் அப்பா யாரிடமும் சொல்லாமல் கிள்ளானுக்கு ரயில் ஏறினார். சாந்தி வீட்டுத் துணிக்கடையில், வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போது, சேலை எடுக்க வந்தவர்கள் எல்லாம் பார்க்க, "தப்பு எம்மேலதான், பையன் மேல இல்ல" என்று நின்றிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவர்கள் மனசு இளகியது. உன் கல்யாணம் நடந்தது உன் அப்பாவின் தலை குனிந்ததால், பாலா. இதை சாந்தியின் அண்ணியே பின்னால் என்னிடம் சொன்னாள். அப்பா இன்றுவரை சொன்னதில்லை.

நீ என்ன செய்தாய்? எல்லாம் அடங்கின பிறகும் கோபம் அடங்காமல், "இனிமே போன் அடிச்சா எடுக்காதீங்கப்பா. எடுத்தாலும் எங்கிட்ட எதையும் சொல்லாதீங்க, எனக்குத் தலை வெடிச்சிடும்" என்று கத்தினாய். கோபத்தில் சொன்னதுதான், நீ மறந்தும் போயிருப்பாய். அவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து போன் அடித்தால் எடுக்க மாட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தால்கூடக் கதவருகில் வந்து, போன் அடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். வீட்டில் திருடன் புகுந்தால் ஊர் திருடனைத் திட்டுகிறது. போன் வழியாகப் புகுந்தால் மட்டும் ஏன் வீட்டுக்காரனைத் திட்டுகிறீர்கள்? எனக்கு இது விளங்கவே இல்லை. ஏமாந்தவனுக்கு வலி இல்லையா? வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, அதை வகுப்பில் வேறு சொல்லிச் சிரிப்பதா?

திட்டுவதற்கு மட்டும் எழுதவில்லை, ஒரு பழைய விஷயமும் சொல்கிறேன். நாம் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த காலம், நீ பள்ளிக்கூடம் சேரவில்லை. அப்பா சம்பளத்தில் ஆசையாக ஒரு பிளாஸ்க் வாங்கி வந்தார், உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று உன்னை மிரட்டியும் வைத்தார். நீ தொட்டாய், உடைத்தாய். உரிக்கப்போகிற தோலை நினைத்துப் பயந்து, சில்லுகளை எல்லாம் கூட்டிப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை போல விளையாடப் போய்விட்டாய். நான் வெறுங்காலோடு போய் மிதித்தேன். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், மழை நாளில் அந்த இடம் இன்னும் வலிக்கிறது. அப்பா அன்றைக்கு உன்னை அடிக்கவில்லை. உட்கார வைத்துச் சொன்னார்: "உடைச்சா வந்து சொல்லு. சொன்னா அடி கிடையாது." அதுதான் அந்த வீட்டின் சட்டம். அப்பப்பா, அதற்குப் பிறகு நீ உடைத்தது கொஞ்சமா? கிளாஸ், சாமி படம், பக்கத்து வீட்டு ஜன்னல்! ஒவ்வொரு முறையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நீயாகவே வந்து நின்றாய். நான் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினேன். அந்த வீட்டில் அப்புறம் யார் காலிலும் கண்ணாடி ஏறவில்லை.

தேவிகாவும் அப்படித்தானே வந்து நின்றாள்? அவளை நீ நிறுத்தினால் உன் ஆபீஸில் மற்றவர்கள் என்ன படிப்பார்கள் என்று நினைக்கிறாய்? பாஸ்வர்டைக் கொடுக்கக் கூடாது என்றா? ஏமாற்றுகிறவன் முன்னால் அதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது, வந்தால் ஏன் ஏமாறுகிறோம். கொடுத்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் படிப்பார்கள். சில்லைப் பாய்க்கு அடியில் தள்ளுவார்கள். மிதிப்பது நீயாகத்தான் இருக்கும். நாளைக்கு எப்படிப்பட்ட திருடன் வருவான் என்று தெரியாது என்று நீதான் சொன்னாய். முகம் தெரியாதவனுக்கு என்ன பூட்டு செய்வாய்? அவனை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் கத்த வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கத்தினவளையே நிறுத்தினால் அடுத்த முறை யார் கத்துவார்கள்? உன் புத்தகத்தில் எத்தனை விதி வேண்டுமானாலும் எழுது, அது உன் படிப்பு. தப்பு நடந்ததும் வந்து சொல்கிறவருக்கு வேலை போகாது என்று ஒன்றை மட்டும் சேர். புகழ்ந்து மாலை போடச் சொல்லவில்லை, வேலையில் இருக்க விடு என்கிறேன்.

இதுவரை எழுதினதை நீ ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அம்மா இரக்கப்படுகிறாள், ஆபீஸ் இரக்கத்தில் நடக்காது என்பாய். ஆகையால் மீதியையும் எழுதியே ஆக வேண்டும். அப்பா எழுது என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு அன்று சாயங்காலம் அவர் விளக்குப் போடாமல் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு செரிக்கவில்லையா என்று கேட்டேன். "அவன் மறுபடியும் கூப்பிட்டான்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. போன மாசம், நான் ரவிக்கைகளைக் கடைக்குக் கொடுக்கப் போயிருந்த நேரம், போன் விடாமல் அடித்திருக்கிறது. சாந்தி முழுகாமல் இருக்கிறாளே, கிள்ளானிலிருந்து ஏதாவது அவசரமோ என்று பயந்து இவர் எடுத்திருக்கிறார். அந்தப் பக்கம், மாமா சௌக்கியமா, தம்பி இப்போது எங்கே வேலை செய்கிறான் என்று ஒரு குரல். பேரன் வரப்போகிற சந்தோஷத்தில் இருந்த மனிதர், டெங்கில் பக்கம் புது ஆபீஸ் என்று பெயரையும் சொல்லிவிட்டார். அவன் அன்றைக்குச் சிரித்த மாதிரியே இழுத்துச் சிரித்தானாம். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் இவருக்குப் புரிந்துவிட்டது, போனை வைத்துவிட்டார். ரவாங் செல்வமாக நடித்த அதே ஆள்.

உடனே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடத்தான் போனார். உன் ஆபீஸ் எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டார். மறுநாளும் அப்படியே. ஏன் என்று நான் கேட்டதற்கு, "சொன்னா, யாரு உங்கள எடுக்கச் சொன்னதுன்னு கேப்பான்டி. எனக்கு இன்னொரு தடவ அதைக் கேக்கத் தெம்பு இல்ல" என்றார். அதற்கப்புறம்தான் தேவிகாவுக்கு அந்தப் போன் வந்திருக்கிறது. நீ எங்கள் முன்னால் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல, அவன் எந்த வழியாக அங்கே வந்தான் என்பது இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் உன் எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்காரனைப் பற்றி அவர் முன்கூட்டியே உன்னிடம் சொல்லியிருந்தால், நீ ஆபீஸில் எல்லோரையும் எச்சரித்திருப்பாய், அந்தப் பெண்ணும் ஏமாந்திருக்க மாட்டாள். உன் ஆபீஸுக்கு அவன் வருகிறான் என்ற செய்தி உன் வீட்டிலேயே இருந்தது பாலா. உன்னிடம் வந்து சேர அதற்கு வழி இல்லை.

அவர் அழுதார். உன் அப்பா அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா செத்த அன்றைக்குத்தான். "அந்தப் பிள்ள உடனே போய்ச் சொல்லிடிச்சு. நான் சொல்லல. வேலைய விட்டு யார நிறுத்தணும், நீயே சொல்லு" என்றார். அதை உன்னைத்தான் கேட்க வேண்டும்.

நீ அப்பனாகப் போகிறாய். உன் பிள்ளையும் எதையாவது உடைக்கும், எவனிடமாவது ஏமாறும். எந்த மாதிரி என்று இன்றைக்கு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது உன்னிடம் வந்து சொல்லுமா, பாயைத் தேடுமா என்பதை மட்டும் நீ இப்போதே முடிவு செய்யலாம். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இருக்கிறது. அன்பு அதைவிட அதிகம் இருக்கிறது, அதனால்தான் ரவிக்கைகளை எல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார், நான் தடுத்தும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் பஸ் மாறி உன் ஆபீஸுக்கு வருகிறாராம். அந்தப் பெண்மேல் தப்பில்லை என்று உன் பெரியவர்களிடம் தானே சொல்லப் போகிறாராம். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டார். உங்களை யார் அங்கே உள்ளே விடுவார்கள், வாசலில் காவலுக்கு நிற்கிற ஜாகா நிறுத்தி யார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். உங்கள் வகுப்பில் எல்லோரும் சிரிக்கிறீர்களே, அந்த அப்பா நான்தான் என்று சொல்வாராம்.

அதற்கு முன்னால் நீ வந்து அவரிடம் பேசு.

அம்மா